மைனியிடம் கேட்காமல் விட்டவை

ஷார்ஜாவில் ரோலா பக்கம் ஒரு பழைய கட்டடத்தில், இரண்டு நர்ஸ்களோடு ஒரே அறையில் நான் இருந்த வருடங்களில், என் காதில் பெரும்பாலும் அமெரிக்கர்களின் குரல்தான் ஓடிக்கொண்டிருக்கும். துபாயில் ஒரு சின்ன ஆபீஸில் வேலை. ஒலிப்பதிவுகளைக் கேட்டு அப்படியே டைப் செய்து அனுப்ப வேண்டும். காதில் ஹெட்போன், காலடியில் ஒரு பெடல். மிதித்தால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும், குதிகாலால் அழுத்தினால் கொஞ்சம் பின்னால் போகும். முதலில் ஆஸ்பத்திரிகளிலிருந்து டாக்டர்கள் சொல்லும் குறிப்புகள் வந்தன. அப்புறம் அமெரிக்காவில் ஒரு மாநிலச் சட்டசபையின் கமிட்டிக் கூட்டங்கள் வர ஆரம்பித்தன. எந்த மாநிலம் என்று வெளியே சொல்லக் கூடாது என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. இருந்தாலும் சொல்ல வாய் வரவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அபுதாபி பக்கம் முசஃபாவில் வேலை, வெல்டிங் ஒர்க்‌ஷாப் ஒன்றில் சூப்பர்வைசர். கம்பெனி கொடுத்தது கேம்பில் ஒரு கட்டில். அங்கே பெண்டாட்டியை வைத்துக்கொள்ள முடியாது. அதனால் வாரம் முழுக்க அவர் அங்கே, நான் இங்கே. லீவுக்கு முந்தின சாயங்காலம் பஸ் பிடித்து வருவார். நர்ஸ்கள் இருவரும் அன்றைக்கு வேறு தோழிகளின் ரூமுக்குப் போய்விடுவார்கள். எங்கள் குடித்தனம் அந்த அளவுதான்.

ஊர், தமிழ்நாட்டின் தெற்கு ஓரத்தில் ஒரு சின்ன டவுன். எனக்கு ஒரே அண்ணன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தான். என்னை டைப்ரைட்டிங் படிக்கக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவன்தான், இந்த வேலை விளம்பரத்தைப் பேப்பரில் பார்த்துச் சொன்னதும் அவன்தான். தினமும் மத்தியானம் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். சாப்பிட்டாயா என்று அர்த்தம். நான் ஒரு மிஸ்டு கால் திருப்பிக் கொடுத்தால் சாப்பிட்டேன் என்று அர்த்தம். இரண்டு பேருக்கும் காசு செலவில்லை என்று அதில் அவனுக்கு ஒரே பெருமை.

அவன் கட்டிக்கொண்டது எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவளை. எனக்கு மைனி. ஆனால் கல்யாணத்துக்கு முன்னாலேயே சிநேகிதி என்பதால் நீ, நான் என்றுதான் பேசிக்கொள்வோம்.

கடை இருந்த கட்டடத்துக்காரர் செல்வாக்கானவர். இடத்தை இடித்து லாட்ஜ் கட்டப்போவதாகச் சொல்லிக் கடையைக் காலி செய்யச் சொன்னார். அண்ணன் ஆறு மாதம் டைம் கேட்டான். ஒரு மத்தியானம் கட்டடத்துக்காரரின் மகன் இன்னும் இரண்டு பேரோடு வந்து, கடையிலிருந்த இரும்பு ஸ்டூலாலேயே அவனை அடித்தான். மைனி அவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அப்போதுதான் ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள். பெரியாஸ்பத்திரியில் சில நாள் நினைவில்லாமல் கிடந்து அண்ணன் போய்விட்டான்.

நான் திருவனந்தபுரத்தில் இறங்கி, அங்கிருந்து டாக்சி பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தபோது எரித்துவிட்டிருந்தார்கள். போஸ்ட்மார்ட்டம் ஆன உடம்பை வைத்திருக்க முடியாது என்றார்கள். மைனி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவர்களுடைய மூன்று வயது மகள் வந்தவர்களின் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். மைனி என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, “நான் பக்கத்துலதான் நின்னேன்ட்டி. ஒண்ணும் செய்ய முடியல” என்பதுதான்.

பத்து நாள் லீவு முடிந்து ஷார்ஜாவுக்குத் திரும்பினேன். மத்தியானம் போன் அடிக்காது. அந்த நேரத்தில் சாப்பிடாமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

கேஸ் நடக்கத் தொடங்கும்வரை கோர்ட் என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இந்த மாதிரி கேஸை நாம் வக்கீல் வைத்து நடத்த முடியாது, நம் சார்பில் கவர்மென்ட் வக்கீல்தான் நடத்துவார் என்பதே மைனி எனக்கு போனில் சொல்லித்தான் தெரியும். அப்போதிருந்த கவர்மென்ட் வக்கீல் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். மைனி அவரை ‘அந்த அம்மா’ என்றுதான் சொல்வாள்.

“அந்த அம்மா என்னய உக்கார வச்சுப் பேசினாவட்டி. காப்பி வாங்கித் தந்தாவ. பயப்படாதம்மா, நான் ஒவ்வொண்ணா கேப்பேன், நீ பாத்தத மட்டும் சொல்லு, போதும்னாவ.”

“என்னல்லாம் கேப்பாங்களாம்?”

“அடிச்சவன ஒனக்கு முன்னமே தெரியுமான்னு கேப்பாவளாம். எங்க கல்யாணத்துக்கு அவன் வந்து மொய் எழுதினதச் சொல்லணுமாம். அப்புறம், அடிக்கும்போது அவன் என்ட்ட பேசினாம்லா, அத விட்டுரக் கூடாதாம். அதுதான் முக்கியமாம்.”

அவன் பேசியது எனக்குத் தெரியும். மைனி ஓடிப்போய், “அண்ணே, விட்டுருங்கண்ணே” என்று அவன் கையைப் பிடித்திருக்கிறாள். அவன் அவளைத் திரும்பிப் பார்த்து, “நீ வீட்டுக்குப் போம்மா” என்று சொல்லிவிட்டு மறுபடி அடித்திருக்கிறான். அவர்கள் பக்கத்து வக்கீல், மைனி பிந்தி வந்தாள், ஆளைச் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் சொல்லப்போகிறார் என்று அந்த அம்மா முன்கூட்டியே கணித்து வைத்திருந்தார். தெரிந்தவன், பேசியவன் என்றால் ஆளை மாற்றிச் சொல்கிறாள் என்று சொல்ல முடியாதல்லவா?

ஆனால் கேஸ் விசாரணைக்கு ஏறவில்லை. அந்த கோர்ட்டில் நீதிபதி மாற்றலாகிப் போய் வேறு ஆள் வரவில்லை. பக்கத்துக் கோர்ட் நீதிபதி பொறுப்பு பார்த்தார். அவருக்கு அவர் கேஸ்களே தலைக்கு மேல் இருந்தன. மைனி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போவாள், வாய்தா வாங்கிக்கொண்டு வருவாள். எப்போது புது நீதிபதி வருவார் என்று கேட்டால், மேலே ஆள் போட வேண்டும், போட்டால் வருவார் என்பார்களாம். யார் போட வேண்டும் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் என் ஹெட்போனில் அந்தக் கமிட்டிக் கூட்டங்கள் வரத் தொடங்கின.

அந்த மாநிலத்தில் கவர்னர் யாரையாவது நீதிபதியாகவோ, ஒரு மாவட்டத்தின் அரசு வக்கீலாகவோ நியமிக்க நினைத்தால் பெயரைத்தான் சொல்ல முடியும். அந்தப் பெயருக்கு உரியவர் சட்டசபைக் கமிட்டியின் முன்னால் வந்து உட்கார வேண்டும். உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள். அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் பதவி. கமிட்டித் தலைவர் ஒரு வயதான பெண். குரலில் கொஞ்சம் இருமல் இருக்கும். ஒருமுறை, அரசு வக்கீலாக வரவிருந்த ஒருவரிடம் அவர் கேட்டார்: “இத்தனை வருஷம் அந்தக் கட்டடக் கம்பெனிக்காக வாதாடியிருக்கிறீர்கள். நாளைக்கு அதே ஆட்கள் குற்றம் செய்து உங்கள் முன்னால் வந்தால் என்ன செய்வீர்கள்?”

அந்த ஆள் ஏதோ சுற்றி வளைத்தார். தலைவர் அம்மாள், “நான் கேட்டது அது இல்லை” என்றார். ஒலிப்பதிவு நின்றுவிட்டதோ என்று நான் பெடலைப் பார்த்தேன். கடைசியில் அந்த ஆள், அந்த வழக்கை நான் தொட மாட்டேன், வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுவேன் என்று சொன்னார்.

அன்றைக்கு ரோலாவில் பஸ் இறங்கியதும் ஒரு போன் கார்டு வாங்கி மைனியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

“கவர்மென்ட் வக்கீலையே கேள்வி கேப்பாவளா? அவ்வளவு பேரு முன்னாலயா?”

“ஆமா மைனி.”

“நம்ம அந்த அம்மாவ யாரு கேட்டாலும் அழகா பதில் சொல்லுவாவ” என்றாள். அந்த அம்மாவைப் பற்றிப் பேசும்போது அவள் குரலில் கொஞ்சம் தெம்பு இருக்கும். அதைக் கேட்கவே நான் அடிக்கடி அந்தப் பேச்சை எடுப்பேன்.

தேர்தல் வந்தது. ஆட்சி மாறியது. எங்கள் அறையில் இருந்த நர்ஸ்கள் டிவியில் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் சோறு பிசைந்த கையோடு பார்த்தேன். அதில் எங்கள் கேஸும் இருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஆட்சி மாறினால் கோர்ட்டில் இருக்கும் கவர்மென்ட் வக்கீல்களும் கூண்டோடு மாறுவார்கள் என்பது எங்களுக்கு யாரும் சொல்லாத விஷயம். அந்த அம்மா ஒரே நாளில் மேஜையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவர் ஜெயித்த கட்சிக்காக வருஷக்கணக்கில் வேலை பார்த்த வக்கீல்.

மைனி அவரைப் போய்ப் பார்த்தாள். அவர் உட்காரச் சொல்லவில்லை. “சின்னப் பொம்பள, பிள்ளை வேற இருக்கு. எதிர்ப் பார்ட்டி பேசித் தீத்துக்கலாம்னு சொல்லுதாங்க. நீ என்ன சொல்லுத?” என்று கேட்டிருக்கிறார்.

“நான் என்னத்தச் சொல்ல? நீங்க நம்ம பக்கத்து வக்கீல்லா சார்னு கேட்டேன்” என்றாள் மைனி. “அதுக்கு சிரிச்சாருட்டி.”

கோர்ட் வாசலில் டீக்கடை வைத்திருந்த பெண்தான் பிற்பாடு மைனியிடம் சொன்னார். இந்தப் புது ஆள் தொழில் பழகியதே கட்டடத்துக்காரர் வீட்டு வக்கீலிடம்தானாம். இன்றைக்கும் அந்த வக்கீல் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பாராம்.

அதை மைனி போனில் சொன்னபோது நான் ஆபீஸ் கட்டடத்தின் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். வெயில் கண்ணாடி வழியாகக் கொதித்தது. எனக்கு அந்த இருமல் குரல் கேட்ட கேள்விதான் நினைவுக்கு வந்தது. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவை அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டிருந்தால் போதுமே என்று தோன்றியது. எங்கே கேட்பது? எங்கள் ஊரில் அப்படிக் கேட்பதற்கு ஓர் இடமே கிடையாது.

அமெரிக்காவிலாவது எல்லாம் ஒழுங்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததை அடுத்து வந்த ஒலிப்பதிவுகள் கெடுத்தன. அங்கே எழுதப்படாத ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பெயர் வந்தால், அந்த வட்டாரத்து உறுப்பினர் ஒருவர் முகம் சுளித்தால் போதும். காரணம் சொல்ல வேண்டாம், வெளியே தெரியவும் வேண்டாம். அந்தப் பெயர் கமிட்டிக்கே வராமல் கிடப்பில் போய்விடும். அப்படி எத்தனையோ நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. இதை மாற்ற வேண்டும் என்று அந்தத் தலைவர் அம்மாள் ஒரு திருத்தம் கொண்டுவந்திருந்தார். தடுக்கிறவர் காரணத்தைச் சபையில் எழுந்து சொல்லட்டும், குறிப்பிட்ட நாளுக்குள் ஓட்டுக்கு விடட்டும், அந்தப் பெயரைப் பற்றிப் பொதுமக்களில் யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்பதுதான் அதன் சாரம்.

அந்தத் திருத்தத்துக்காகப் பேச ஒரு பெண் வந்தாள். அவளுடைய மகள் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தவள். திருட வந்தவன் சுட்டுவிட்டான். அவர்கள் மாவட்டத்துக்கு நிரந்தர அரசு வக்கீல் இல்லை. யாரோ ஒரு உறுப்பினர் தடுத்து வைத்திருந்தார். தற்காலிகமாக வந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கடைசியாக வந்தவர் எதிர்த்தரப்போடு பேசி முடித்து, சுட்டவனைச் சின்னத் தண்டனையோடு விட்டுவிட்டார்.

“வருகிற ஒவ்வொருவரிடமும் என் மகள் யார் என்று முதலிலிருந்து சொன்னேன்” என்றாள் அந்தப் பெண். “கடைசியாக வந்தவரிடம் சொல்லும்போது எனக்கே அலுத்துப்போயிருந்தது. அதற்காக என்னை என்னாலேயே மன்னிக்க முடியவில்லை.”

அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. அழுதாள். அந்த அழுகை என் காதுக்குள் நேராக வந்தது. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல், பெண் அழுகிறாள் என்று ஒரு வரி டைப் செய்தேன். பின்னாலிருந்து ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி தோளைத் தட்டினார். மங்களூர்க்காரர், நல்ல மனிதர். எங்களோடு ஹிந்திதான் பேசுவார்.

“ரோனா மாஃபி. சிர்ஃப் பாத் லிக்கோ” என்றார். அழுகையெல்லாம் வேண்டாம், பேச்சை மட்டும் எழுது என்று அர்த்தம். கம்பெனி விதியே அதுதான். இருமல், அழுகை, பெருமூச்சு எதையும் எழுதக் கூடாது.

நான் அந்த வரியை அழித்தேன். அவள் கடைசியாகச் சொன்ன வாக்கியத்துக்குக் கீழே, நன்றி அம்மா என்று தலைவர் சொன்னது நேராக வந்து ஒட்டிக்கொண்டது. நடுவில் எதுவுமே நடக்காதது போல இருந்தது. சாயங்காலம் ஷார்ஜா பஸ் டிராபிக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது நான் அடக்க மாட்டாமல் அழுதேன். பக்கத்தில் இருந்த பிலிப்பைன்ஸ்காரப் பெண் ஒன்றும் கேட்காமல் கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள்.

அந்த வருஷப் பொங்கலுக்குத் தமிழர்கள் ஒரு பள்ளிக்கூட ஹாலில் விழா வைத்தார்கள். ஊரிலிருந்து ஒரு எம்.எல்.ஏ. வருகிறார் என்று கேள்விப்பட்டு, என் வீட்டுக்காரரிடம் போக வேண்டும் என்றேன்.

“போயி என்ன கேக்கப் போற?” என்றார்.

“அரசு வக்கீல போடுறதுக்கு முன்னால சட்டசபையில கூப்பிட்டு விசாரிக்கணும்னு சொல்லப்போறேன். இங்கே டைப் அடிக்கிறேனே, அது மாதிரி.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “சரி, சட்டைய அயர்ன் பண்ணு” என்றார்.

எம்.எல்.ஏ. மேடையிலிருந்து இறங்கியதும் எல்லோரும் போட்டோவுக்கு மொய்த்தார்கள். நாங்கள் கூட்டம் கலையும்வரை காத்திருந்தோம். களைத்துப்போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவரிடம் போய், அண்ணன் கதையைச் சொன்னேன். புது வக்கீல் யாரிடம் தொழில் பழகினார் என்று சொன்னேன். அந்த மாநிலத்தில் எப்படிக் கேள்வி கேட்கிறார்கள், பொதுமக்கள்கூட வந்து பேச வேண்டும் என்று எப்படித் திருத்தம் கொண்டுவருகிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். வேகமாகச் சொன்னேன், உளறியும் இருப்பேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“நல்ல யோசனைம்மா. பொய் சொல்லல, நல்ல யோசனைதான்” என்றார். “ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. இந்த வக்கீலுங்க நாங்க எதிர்க்கட்சியா இருந்தப்ப எங்க பசங்களுக்குக் காசு வாங்காம ஜாமீன் எடுத்தவங்க. ஜெயிச்சு வந்தா அவங்களுக்குக் குடுக்க எங்ககிட்ட வேற என்ன இருக்கு, சொல்லு? நாளைக்கே இதை நான் சபையில எழுந்து பேசினா, மொதல்ல எங்க ஆளுங்களே என்னை உக்காருன்னுவாங்க. அந்தப் பக்கமும் கைதட்ட மாட்டாங்க. அவங்களும் இதேதானே செஞ்சாங்க.”

“அப்போ முன்னால இருந்த அந்த அம்மாவும்...” என்று நான் இழுத்தேன்.

“ஆமா, போன ஆட்சியில போட்டது. அவங்க நல்லவங்களா அமைஞ்சது உங்க அதிர்ஷ்டம்” என்றார்.

போகும்போது, கேஸ் நம்பர் இருந்தால் கொடு, போன் போட்டுச் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். என் வீட்டுக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அவர் எங்களை ஏமாற்றவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். உள்ளதைச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒருவழியாக நீதிபதி வந்தார். விசாரணை மளமளவென்று நடந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் இருவர் முதலில் போலீசில் சொன்னதைக் கூண்டில் ஏறி இல்லை என்றார்கள். கவர்மென்ட் வக்கீல் அவர்களைப் பேருக்கு இரண்டு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் மைனியைக் கூப்பிட்டார்கள்.

அன்றைக்கு நான் லீவு சொல்லிவிட்டு அறையிலேயே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் தாண்டி மைனி கூப்பிட்டாள்.

“முடிஞ்சிட்டுட்டி.”

“நல்லா சொன்னியா மைனி?”

“கேட்டாத்தானே சொல்லுததுக்கு.”

எனக்குப் புரியவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள். பெயர் என்ன, இறந்தவர் உனக்கு என்ன வேண்டும், சம்பவத்தன்று கடைக்குப் போனாயா, அங்கே உன் புருஷன் அடிபட்டுக் கிடந்தாரா. அவ்வளவுதான் கேட்டிருக்கிறார். அடித்தவனைத் தெரியுமா என்று கேட்கவில்லை. அவன் பேசினானா என்று கேட்கவில்லை. மைனி தானாக, “சார், அவன் என்ட்ட...” என்று தொடங்கியிருக்கிறாள். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா” என்று கவர்மென்ட் வக்கீலே அதட்டியிருக்கிறார். எதிர் வக்கீல் எழுந்து, நீ போகும்போது உன் புருஷன் ஏற்கனவே கீழே கிடந்தார், அப்படித்தானே என்று மடக்கியிருக்கிறார். இல்லை, இல்லை என்று இவள் கத்தியிருக்கிறாள். கோர்ட்டில் சத்தம் போடக் கூடாது என்று நீதிபதி சொல்லியிருக்கிறார்.

“அந்தப் பய கூண்டுக்குள்ள நின்னு நகத்தப் பாத்துக்கிட்டு இருந்தான்” என்றாள். “நான் அண்ணேன்னு கூப்பிட்டேனட்டி அவன. ஒரு தடவ கூட என்னய நிமிந்து பாக்கல.”

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து மூன்று பேரையும் விடுதலை செய்தார்கள். அப்பீல் போக வேண்டும் என்றால் அரசாங்கம்தான் போக வேண்டும், அதற்கு அதே கவர்மென்ட் வக்கீல்தான் பரிந்துரை எழுத வேண்டும் என்றார்கள். அவர் எழுதவில்லை. ஹைகோர்ட்டில் சீராய்வு மனு போடலாம் என்று ஒரு வக்கீல் சொன்னார். மைனி வேண்டாம் என்றுவிட்டாள். “இன்னொரு தடவ அந்தப் படியேற என்னால முடியாது” என்றாள். என் வீட்டுக்காரரும் நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். அப்புறம் விட்டுவிட்டோம்.

அமெரிக்கத் திருத்தமும் தேறவில்லை. கூட்டத் தொடர் முடிவதற்குள் அது ஓட்டுக்கே வரவில்லை. கடைசிக் கூட்டத்தில் தலைவர் அம்மாள், இதற்காக வந்து பேசிய தாயிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அடுத்த தொடரில் திரும்பக் கொண்டுவருவேன் என்று சொன்னதை நான்தான் டைப் செய்தேன். கொண்டுவந்தாரா, அது நிறைவேறியதா என்று தெரியாது. கொஞ்ச நாளில் துபாயில் எல்லோருக்கும் வேலை ஆட்டம் கண்ட காலம் வந்தது. எங்கள் ஆபீஸுக்கு அந்த வேலை நின்றுபோனது. முதலாளி எங்களைக் கூப்பிட்டு, “கலாஸ், பேட்டா”, எல்லாம் முடிந்தது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேறு வேலைக்குச் சேருவதற்கு முன் ஒரு மாதம் ஊருக்குப் போனேன். மைனி அதே வீட்டில்தான் இருந்தாள். ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு பகல் நேரத்தில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். அந்தக் கட்டடம் இப்போது லாட்ஜ் ஆகிவிட்டதென்றும், அந்தப் பக்கமாகப் போகாமல் சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போவதென்றும் சொல்லிக்கொண்டிருந்தவள், திடீரென்று நிறுத்தினாள்.

“ஏட்டி, அந்த அமெரிக்காக்காரிய மாதிரி நீ என்ட்ட கேளேன்.”

“என்ன கேக்கணும்?”

“அந்த அம்மா கேக்குறேன்னு சொன்னதெல்லாம். எனக்கு அத்தனையும் மனப்பாடமா கிடக்கு. சொல்லாம நெஞ்சுக்குள்ளயே கிடக்கு.”

கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தேன். அடித்தவனை உனக்கு முன்னமே தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். கல்யாணத்துக்கு வந்ததை, வந்து சாப்பிட்டுவிட்டுப் பாயசம் நன்றாக இருக்கிறது என்று சொன்னதைச் சொன்னாள். எதை வைத்து அடித்தான் என்று கேட்டேன். எத்தனை பேர், யார் பிடித்துக்கொண்டது, யார் அடித்தது என்று கேட்டேன். கீரைக் காம்பைக் கையில் பிடித்தபடி, நேராக என் முகத்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். குரல் தடுமாறவே இல்லை. நான் கையைப் பிடித்தேன், அவன் என்னிடம் பேசினான் என்றாள். அவன் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னாள்.

கேள்விகள் தீர்ந்துவிட்டன. அவள் மேலே பேசினாள்.

“இது அந்த அம்மாட்டகூட சொல்லாதது. ஆஸ்பத்திரிக்குப் போற ஆட்டோல ஒங்கண்ணன் என் மடியிலதான் கெடந்தாவ. அப்ப நெனவு இருந்துச்சு. கண்ணத் தொறந்து, ஷட்டர இழுத்துட்டியான்னு கேட்டாவ. கட அப்படியே தொறந்து கெடந்துச்சுட்டி. நான் இழுத்தாச்சு, பூட்டியாச்சுன்னேன். சரின்னு கண்ண மூடுனாவ. அப்புறம் பேசவே இல்ல.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. மைனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கீரையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, குடங்களை எடுக்க எழுந்து போனாள். நானும் இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் வெயிலில் இறங்கினேன்.